பிழை: பூஜ்யம்

அன்று பிற்பகல் பட்டறையின் முன்னறையில் இருந்தவர்கள்: பட்டறை முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி, தகடு வெட்டும் இயந்திரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர், மாடிப்படிக்குத் தகடு வாங்கிய கான்ட்ராக்டர், பதினோரு வருடமாக அங்கே வரைபடம் போட்டுக்கொண்டிருந்த டிராயிங்கம்மா. ஆறு பேர், நாற்காலி ஐந்து. டிராயிங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவள் தினமும் உட்காரும் நாற்காலியில் கான்ட்ராக்டர் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான்.

மேசை மேல் ஒரு இரும்புத் தகடு கிடந்தது. அதன் விளிம்பிலிருந்து நூற்று முப்பத்திரண்டு மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை இருந்திருக்க வேண்டும். நூற்று எழுபத்திரண்டில் இருந்தது. இதே மாதிரி இன்னும் அறுபத்து மூன்று தகடுகள் வெளியே லாரியில் கிடந்தன. நாற்பது மில்லிமீட்டர் தள்ளிப்போன ஓட்டையில் எந்த போல்ட்டும் உட்காராது.

“யாரால வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சதும் இன்னைக்கே வெளிய. அது என் பொண்டாட்டியா இருந்தாலும் சரி” என்றார் முதலாளி.

மனைவி தரையைப் பார்த்தாள். அவள் தம்பிக்கு அது அவளைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. தன்னைக் குறிவைத்துச் சொன்னதாகவே பட்டது.

முதலாளி அவனை மச்சான் என்று கூப்பிடுவார். முதலாளிக்கு மச்சான் ஆனதால் ஆபரேட்டருக்கும் மச்சான், டீ கொண்டுவருகிறவருக்கும் மச்சான், லாரி டிரைவருக்கும் மச்சான். ஊருக்கே மச்சானாக இருப்பவனை யாரும் மதிப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்டான். கிடங்கில் ராத்திரிக் காவலுக்குப் போய்த் தூங்கி மாட்டிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு வேலை, இரண்டிலும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. கடைசியில் அக்கா அழுது புரண்டு அவனைப் பட்டறையின் பின்பக்க அறையில் கொண்டுவந்து வைத்தாள். பத்து மாதத்துக்கு முன் மாமா அவனிடம் சொன்னது ஒரே வாக்கியம். “ஒரு தப்பு, மச்சான். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் மூட்டையக் கட்டிக்கோ.”

தகட்டில் ஓட்டையைத் தள்ளிவைத்தது அவன்தான். அந்த அறையில் இருந்தவர்களில் அது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது, அதுவும் மூன்று மணி நேரமாக.

முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர் பட்டறையிலேயே வேகமானது. பகலில் அதில் டிராயிங்கம்மா வேலை செய்வாள். அவள் சாப்பிடப் போகும் நேரத்திலும் மாலை ஐந்தரைக்கு அவள் கிளம்பிய பின்னும் மச்சான் அதில் விளையாடுவான். சுட்டுக்கொண்டு ஓடுகிற விளையாட்டு, ஐந்து பேர் குழு. மற்ற நான்கு பேரை அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உலகத்திலேயே அவனை ஆளாக மதித்தவர்கள் அவர்கள்தான், அதுவும் கொஞ்ச நாளைக்கு. பிறகு அவன் திரையில் படம் திக்கித் திணற ஆரம்பித்ததும், “உன் டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு வாடா, இல்ல வேற ஆளப் போடுறோம்” என்றார்கள்.

அப்போதுதான் அவன் ஓவர்கிளாக் பற்றித் தெரிந்துகொண்டான். பிராசசர் என்கிற மூளையை, செய்த கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டி ஓட்டுவது. ரேம் என்கிற நினைவுப் பலகைகளையும் அப்படியே விரட்டலாம். புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, எழுந்திருக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தினால் பயாஸ் என்ற உள்ளறை திறக்கும். அங்கே எண்களை மாற்றினால் போதும். இருபது நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

பிராசசரில் அவன் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டான். ஒரு படி ஏற்றினான், ஓட விட்டான், சூட்டைப் பார்த்தான், இன்னொரு படி ஏற்றினான். எண்பத்து நான்கு டிகிரியில் நின்றது. இரண்டு தடவை திரை நீலமாகிச் செத்தது. ஒரு படி இறக்கினான், சரியாகிவிட்டது. விபரீதம் ரேமில் நடந்தது. அதன் பலகைகள் மூவாயிரத்து இருநூறு வேகத்துக்குச் செய்யப்பட்டவை. வீடியோவுக்குக் கீழே எவனோ ஒருவன், என்னுடையது மூவாயிரத்து எண்ணூறில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று எழுதி எல்லா எண்களையும் வரிசையாகப் போட்டிருந்தான். மச்சான் அவற்றை அப்படியே பார்த்து அடித்தான். அவை அந்த எவனோ ஒருவனின் பலகைகளுக்குப் பொருந்திய எண்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு பலகைகள்கூட ஒரே அளவு தாங்காது என்பதையும் வீடியோ சொன்னது, ஆனால் பதினேழாவது நிமிடத்தில். பதினாறில் அவன் நிறுத்தியிருந்தான்.

ரேமை ஏற்றினால் சோதனை போட வேண்டும், முழுதாக ஓட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் போட்டான். ஆறு சதவீதத்தில் நின்றபோது குழுவிலிருந்து ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சோதனையை மூடிவிட்டு ஆடப் போனான். அன்று படம் தண்ணீர் மாதிரி ஓடியது. ஒன்பது பேரைச் சுட்டான். “டப்பாவ மாத்திட்டியா?” என்று கேட்டார்கள். மாற்றிவிட்டேன் என்று சொன்னான்.

விளையாட்டில் எண் ஒன்று மாறினால் எங்கோ ஒரு புல்லின் நிறம் மாறும். யாருக்குத் தெரியும்? டிராயிங்கம்மாவின் வேலையில் எண் மாறினால் அது இரும்பில் இறங்கும்.

முதல் வாரத்திலேயே அவளுடைய வரைபடம் ஒன்று திறக்காமல் போனது. இரண்டாவது வாரம் ஒரு புகைப்படத்தில் பாதிக்குக் கீழே கோடு கோடாக வந்தது. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது தம்பி, கொஞ்சம் பார் என்று அவள் அவனிடமே வந்து சொன்னாள். அவன் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, உங்கள் பென் டிரைவில்தான் கோளாறு, கண்ட இடத்தில் சொருகாதீர்கள் என்றான். அவள் அதை நம்பி, அடுத்த நாள் புது பென் டிரைவோடு வந்தாள்.

இனி அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும், அவளுக்குத் தூக்குக் கயிறு ஆனது அதுதான். தகட்டின் அளவுகளை அவள் ஒரு பட்டியலாக அடிப்பாள். வெட்டும் இயந்திரம் அந்தப் பட்டியலை வரி வரியாகப் படித்து வெட்டும். அடித்ததும் பிரிண்ட் எடுப்பாள். கான்ட்ராக்டர் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு எண்ணுக்கும் டிக் போடுவாள். எல்லாம் ஒத்துப்போன பிறகு மறுபடி கம்ப்யூட்டருக்கு வந்து, பட்டியலின் தலையில் ‘சரிபார்த்தது’ என்று ஒரு வரி சேர்த்து, தேதி போட்டுச் சேமிப்பாள். அந்த வரி இல்லாத பட்டியலை ஆபரேட்டர் இயந்திரத்தில் ஏற்ற மாட்டான். அந்தச் சாலையில் இருந்த நான்கு பட்டறைகளில் இப்படிச் செய்தவள் அவள் ஒருத்தி. பதினோரு வருடத்தில் ஒரு தகடு திரும்பி வந்ததில்லை.

இந்தத் தகடுகளின் பட்டியலை நாலு ஐம்பத்திரண்டுக்கு பிரிண்ட் எடுத்திருந்தாள். தாளில் 132, மேலே பென்சில் டிக். ஐந்து பத்துக்குச் சேமித்திருந்தாள். கம்ப்யூட்டரில் 172.

விசாரணை நடந்த அன்று காலை பதினொரு மணிக்கு கான்ட்ராக்டர் தகட்டோடு வந்து கத்திவிட்டு, முதலாளியையும் ஆபரேட்டரையும் லாரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டிராயிங்கம்மா தன் தாள்களை எடுக்க மாடிக்கு ஓடினாள். மச்சான் பின்பக்கக் கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டு போனில் தேடினான். முதலில் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ரேம் கெட்டால் கம்ப்யூட்டர் செத்து விழும், குப்பையாகக் கக்கும். சுத்தமாக ஒரு மூன்றை எடுத்துவிட்டு ஏழை வைக்குமா என்ன? பிறகு படித்தான். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்தும் எட்டு ஸ்விட்சுகள். சில நிமிடம் கையில் பேனாவை வைத்துக்கொண்டு உள்ளங்கையில் எழுதிப் பார்த்தான். மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவே ஏழு ஸ்விட்சுகள் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றுதான் வேறு. ஒரே ஒரு ஸ்விட்ச் வழுக்கினால் மூன்று ஏழாகும். அது சேமிக்கும்போது நடந்தால் திரையில் மூன்றே இருக்கும், ஃபைலில் ஏழு இறங்கும்.

அவன் உள்ளங்கையைக் கழுவினான். சோப்புப் போட்டு இரண்டு தடவை.

முன்னறையில் யாரும் இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, உள்ளறையைத் திறந்து, எல்லாவற்றையும் கம்பெனி கொடுத்தபடியே திருப்பினான். ஒரு பொத்தான்தான். ஏற்ற இரண்டு நாள் ஆனது, இறக்க நாற்பது வினாடி ஆகவில்லை. இனிமேல் படம் திக்கும், குழுவில் என்ன சொல்வார்களோ என்ற கவலை அந்த நேரத்திலும் அவனுக்கு வந்தது. திரும்பினால் வாசலில் அக்கா.

“என்னடா பண்றே?”

“ஒண்ணும் இல்லக்கா. அப்டேட்.”

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தம்பியைத் தெரியும். ஆறு வயதில் அவன் கண்ணாடியை உடைத்துவிட்டு நின்ற முகமும் அதுதான். ஒன்றும் கேட்காமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்போது பிற்பகலில் ஆறு பேரும் அந்த அறையில் இருந்தார்கள். முதலாளி தாளையும் திரையையும் மாறி மாறிக் காட்டினார்.

“பிரிண்ட்ல சரியா இருக்கு. அதுக்கப்புறம் ஃபைலத் தொட்டது நீ ஒருத்திதான். அந்தப் பதினெட்டு நிமிஷத்துல என்னம்மா பண்ணினே?”

“சரிபார்த்தேன் சார்.”

ஆபரேட்டர் வாய்விட்டுச் சிரித்தான். கான்ட்ராக்டருக்கும் சிரிப்பு வந்தது. மச்சானும் சிரித்தான், சிரிக்காமல் இருந்தால் கவனிப்பார்கள் என்று.

வயது நாற்பத்தெட்டு, கண்ணாடி தடிப்பு, கண்தான் காரணம் என்று கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்தார். முதலாளிக்கு அது பிடித்துப்போனது. அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, மார்க்கரால் மூன்றும் ஏழுமாகக் கலந்து இரண்டு வரி எழுதினார். ஆபரேட்டர் அதைப் பிடித்துக்கொண்டு கதவோரம் போய் நின்றான். படி என்றார். டிராயிங்கம்மா படித்தாள். பன்னிரண்டும் சரி.

“கண்ணாடியக் கழட்டிட்டுப் படி.”

“கண்ணாடி இல்லாம நான் வேலை செய்ய மாட்டேன் சார்.”

“கழட்டும்மா.”

கழற்றினாள். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம் இருந்தது. கண்ணை இடுக்கிக்கொண்டு மூன்று, மூன்று, ஏழு என்று தொடங்கினாள். ஆபரேட்டர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தான். அது தெரியாமல் அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனாள். கான்ட்ராக்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். போதும் விடுங்கள் என்று முதலாளியின் மனைவி முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை, விழுகிற மாதிரி அவள் சொல்லவும் இல்லை.

டிராயிங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். அவசரத்தில் ஒரு பக்கம் காதில் மாட்டாமல் தொங்கியது. பிறகு அன்று அவள் பேசியதிலேயே நீளமான பேச்சைப் பேசினாள். தான் 132 என்று அடித்ததும், சேமிக்கும்போது திரையில் 132 இருந்ததும் தனக்குத் துல்லியமாக ஞாபகம் இருப்பதாகச் சொன்னாள். மூன்று வாரமாகவே மெஷின் சரியில்லை, படம் ஒன்று திறக்கவில்லை, தம்பியிடம்கூடச் சொன்னேன் என்றாள்.

“மெஷினையும் ஒரு தடவை சோதிச்சுப் பாத்துடுங்க சார். என்னைச் சோதிச்ச மாதிரி. அதுல இல்லன்னு வந்தா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். முதலாளி கேட்டார், நேராகவே கேட்டார்.

“மச்சான், நீ மெஷின்ல ஏதாவது நோண்டினியா?”

பதில் அக்காவிடமிருந்து வந்தது. “அவன் தொடவே இல்லைங்க. நான்தான் பாக்குறேனே தினமும்.”

சொல்லிவிட்டு அவள் தம்பியைப் பார்க்காமல் டிராயிங்கம்மாவைப் பார்த்தாள். நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்த அறையில் அன்று தைரியமாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

சரி, சோதனை போடு, எங்களுக்கும் புரிகிற மாதிரி காட்டு என்றார் முதலாளி. மச்சான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கை வியர்க்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ரேம் சோதனையை ஏற்றினான், நான்கு சுற்று, முழுதாக. கறுப்புத் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. எது எத்தனை சதவீதம், எந்த இடத்தில் பிழை எண்ணிக்கை வரும், ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது சிவப்பாகிவிடும் என்று ஒவ்வொன்றாக விளக்கினான். இவ்வளவு தெளிவாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பரவாயில்லை, இவனுக்கும் ஒன்று தெரிகிறது என்கிற முகம்.

மூன்று மணிக்குத் தொடங்கியது. ஆறு சதவீதம் தாண்டியபோது மச்சானுக்கு ஒரு கணம் கண் அங்கேயே நின்றது. தாண்டிப் போனது. கான்ட்ராக்டர் வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். ஆபரேட்டர் சுவரில் சாய்ந்து தூங்கி வழிந்தான். டீ வந்தது, ஐந்து டம்ளர். ஆறாவதை யாரும் சொல்லவில்லை. டிராயிங்கம்மா திரைக்கு ஒரு அடி தள்ளி நின்று, பென்சில் இல்லாத விரல்களால் காற்றில் ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை.

நாலரை மணிக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “இதுல பொய் வருமா தம்பி?”

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“அதுவும் சரிதான்” என்றாள்.

அவளுடைய வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருப்பதும், வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி என்பதும் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்கிறான். பின்பக்க அறையில் தன் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஜன்னலை நினைத்துக்கொண்டான். அது தவிர அவனுக்குப் போக இடம் இல்லை. வாயைத் திறந்தால் ராத்திரி எங்கே படுப்பது என்று யோசித்தான், ஒரு இடமும் தோன்றவில்லை. அப்புறம் அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டான். அது அவ்வளவு சுலபமாக முடிந்தது.

ஐந்து இருபதுக்கு நான்காவது சுற்று முடிந்தது. திரையில் பச்சைக் கட்டம் வந்தது. பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம்.

மச்சான் வாழ்நாளில் முழுதாக முடித்த முதல் சோதனை அது.

டிராயிங்கம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் கிட்டே வந்து அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாள். அளவைப் பார்த்து வாழ்ந்தவள். கண்ணுக்கு நேராக எண் இருக்கும்போது ஞாபகத்தை நம்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது, பிறகு அது போய்விட்டது. போன இடத்தில் ஒன்றும் இல்லை.

“அப்போ நான்தான் சார்.”

முதலாளி வெற்றி பெற்றவர்போல் எல்லாம் நடந்துகொள்ளவில்லை. கான்ட்ராக்டரிடம் திரும்பி, மறுபடி வெட்டித் தருவதாகவும் ஆளை மாற்றிவிட்டதாகவும் சொன்னார். மாற்றிவிட்டேன் என்றுதான் சொன்னார், அவள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே. கான்ட்ராக்டர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். சாலையில் இருக்கிற மற்ற மூன்று பட்டறைக்கும் தானே சொல்லிவிடுவதாகவும், இன்னொருத்தர் இப்படி ஏமாறக் கூடாது பாருங்கள் என்றும் அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

டிராயிங்கம்மா இழுப்பறையைத் திறந்து தன் சாமான்களை எடுத்தாள். இரண்டு ஸ்கேல், பென்சில் பெட்டி, சாப்பாட்டு டப்பா, மடித்த ஸ்வெட்டர். பட்டறைச் சாமான் எதுவும் போகிறதா பார் என்று முதலாளி சொல்ல, ஆபரேட்டர் பையை வாங்கி மேசையில் கவிழ்த்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தான். அவள் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. அவனே எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் திணித்தான், ஸ்கேல் ஒன்று வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை நிமிர்த்தவில்லை.

முதலாளியின் மனைவி எப்போது உள்ளே போனாள் என்று தெரியவில்லை. பின்னால் எங்கோ பாத்திரம் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“மச்சான், அவங்கள அனுப்பிட்டுக் கதவைப் பூட்டு. இனிமே இந்தப் பக்கம் வேண்டாம்னு சொல்லிடு” என்றார் முதலாளி. இனிமேல் பட்டியல் அடிக்கிற வேலையையும் நீயே பழகிக்கொள், மெஷின் உனக்கு நன்றாக வருகிறது என்றும் சேர்த்துக்கொண்டார்.

மச்சான் அவளோடு வாசல் வரை நடந்தான். படியில் இறங்கி நின்று அவள் திரும்பினாள். ஏதாவது கேட்டுவிடப் போகிறாளோ என்று கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்காக ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காந்திருந்தே தம்பி. இவங்க யாரும் அவ்வளவு பண்ணியிருக்க மாட்டாங்க.”

“பரவால்லம்மா.”

“என் கண்ணுதான் போயிடுச்சு போல. எனக்கே தெரியாமப் போயிடுச்சு பாரு” என்றாள். “வீட்ல அவர்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

பார்த்துப் போங்க என்றான். அவள் தலையாட்டிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். லாரியின் பக்கத்தில் ஒரு நொடி நின்று, அடுக்கிக் கிடந்த தகடுகளில் ஒன்றின் விளிம்பில் விரலை வைத்து, ஓட்டை வரை சாண் போட்டு அளந்தாள்.

“பூட்டினியா?” என்று உள்ளேயிருந்து மாமா கேட்டார்.

மச்சான் கதவைச் சாத்தினான். மேல் தாழைப் போட்டான், கீழ் தாழைப் போட்டான், சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினான்.